அர்ச்சிஷ்டவர்களின் பின்னேரம்

1

அண்டைக்கு அந்தக் கட்டிடத்தில நிண்ட ஆக்களை முதல் சொல்லிவிடுறன்.

நான், அருள். கட்டிடத்தின்ர சுப்பர். சுப்பர் எண்டால் பெரிய உத்தியோகம் எண்டு நினைக்கவேண்டாம். குப்பை இறக்கிறது, பைப் ஒழுகினால் பூட்டுறது, லிஃப்ற் நிண்டால் பேச்சு வாங்கிறது.

என்ர மனிசி பிலோமினா.

மகள் நிரோஷா, பத்து வயசு. அண்டைக்குச் சூனியக்காரி வேசம்.

லூர்து அன்ரி, ஒன்பதாம் மாடி. வியாழக்கிழமைச் செபக்கூட்டத்துக்குத் தலைவி. ஒருத்தரும் தெரிவு செய்யேல்லை, ஆனால் அவதான் தலைவி.

செபக்கூட்டத்துப் பொம்பிளையள், பிலோமினாவைவிட, இன்னும் ஆறு பேர்.

மிஸ்டர் டங்கன், ஏழாம் மாடி. ஸ்கொட்லாந்துக் கிழவர். தனி ஆள்.

கட்டிடக் கம்பெனியின்ர கந்தோரில வேலை செய்யிற பெடியன் ஸ்டீவ். அவன் வந்தது அடுத்தநாள் காலமை.

இது போன வருசம், தொண்ணூற்றாறில, ஹலோவீன் அண்டு. கட்டிடம் ஸ்காபரோவில, வெக்ஸ்போர்ட் பக்கம். பதினாலு மாடி. இப்ப நாங்கள் அங்க இல்லை. ரெக்ஸ்டேலில ஒரு வீட்டின்ர நிலவறையில வாடகைக்கு இருக்கிறம். வேலை போச்சுது. வேலையோட வந்த வீடும் போச்சுது. ஏன் போனதெண்டு ஊரில இருந்து காயிதம் போடுற எல்லாரும் கேக்கிறியள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத எனக்கு ஏலாது. எட்டாம் வகுப்போட விட்டவன் நான். கடையளில பூசணிக்காய் வந்திட்டுது, திரும்பவும் அந்த நாள் வருது. அதால ஒருக்கா எழுதிறன். ஆளுக்காள் குடுத்து வாசியுங்கோ.

2

ஹலோவீன் எண்டால் ஒக்டோபர் முப்பத்தொண்டு. பொழுதுபடப் பிள்ளையள் பேய், பிசாசு, எலும்புக்கூடு எண்டு வேசம் போட்டு வீடு வீடாய்ப் போய்க் கதவு தட்டி இனிப்புக் கேக்குங்கள். தராட்டிச் சேட்டை விடுவம் எண்டு சொல்லித்தான் கேக்கிறது. நாங்கள் சிரிச்சுக்கொண்டு குடுக்கவேணும். பெரிய ஆக்கள் முற்றத்தில மட்டையால கல்லறை செய்து நடுவினம். மரத்தில பிரேதம் மாதிரிப் பொம்மை கட்டித் தூக்குவினம்.

நான் வந்த முதல் வருசம், வேலையால வரேக்க, ஒரு வீட்டு வாசலில மண்ணுக்குள்ளால ஒரு கை வெளியில நீட்டிக்கொண்டு கிடந்தது. ரப்பர் கைதான். நான் பஸ் நிக்கிற இடத்தில போய்க் கொஞ்சநேரம் குந்தி இருந்திட்டுத்தான் வீட்டை போனனான். உதுகளை இவங்கள் கடையில காசு குடுத்து வாங்கிறாங்கள்.

அதால நிரோஷாவை நான் ரண்டு வருசம் விடேல்லை.

"வகுப்பில எல்லாரும் போகினம் அப்பா. இற்ஸ் நொட் ஃபெயர்."

"பேய்த் திருநாள் எங்களுக்கு வேண்டாம்."

அதுக்குப் பிறகு என்ன கேட்டாலும் மூண்டு மறுமொழிதான். ஓகே. ஃபைன். வட்டெவர். மூண்டாவதுக்கு என்ன கருத்தெண்டு பிலோமினா கேட்டா. தெரியாதெண்டு சொன்னன். எனக்குத் தெரியும்.

சுப்பர் வேலை ஓகஸ்டில கிடைச்சது. மூண்டு மாதம் பாத்துத்தான் நிரந்தரமாக்குவம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். முந்தின ஹலோவீனுக்கு இருந்தவன் ஒரு போலந்துக்காரன். அவனை அடுத்த நாளே அனுப்பிப்போட்டாங்கள், பிறகு வந்த ஒருத்தரும் நிலைக்கேல்லை. பெடியள் கதவுகளுக்கு முட்டை அடிச்சு, படி முழுக்க ரொயிலற் பேப்பர் சுத்தி, நெருப்பு அலாமை இழுத்துவிட்டு, கட்டிடமே ரோட்டில நிண்டதாம்.

வேலையோட நிலமாடியில ரண்டு அறை வீடு, வாடகை இல்லை. அந்த வீடு வந்தபிறகுதான் பிலோமினா இரவு வேலையை விட்டவ. அந்த வீடு வந்தபிறகுதான் நிரோஷாவுக்கு ஒரு அறை, ஒரு கதவு. கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பாள். எண்டாலும் அவளுக்கெண்டு ஒரு கதவு.

ஸ்டீவ் கந்தோரில இருந்து வந்து சொன்னான்.

"ஹலோவீன் ஒரு பிரச்சினையும் இல்லாமல் முடியோணும், அருள். முடிஞ்சால் வேலை உனக்கு நிரந்தரம்."

"ஓம்."

"ஏழாம் மாடிக் கிழவன்தான் பிரச்சினை. போன முறை அவனில துவங்கினதுதான் எல்லாம். அவனைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருக்கச் சொல்லு."

அவன் சொல்லிப்போட்டுப் போட்டான். போய்ச் சொல்லவேண்டியது நான்.

3

நான் கதைக்கிற இங்கிலிசு டங்கனுக்கு விளங்காது. டங்கன் கதைக்கிற இங்கிலிசு ஆருக்கும் விளங்காது. நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு போனன். இங்கிலிசை இங்கிலிசுக்கு மொழிபெயர்க்க ஆள் கூட்டிக்கொண்டு போனவன் ரொறன்ரோவில நான் ஒருத்தனாய்த்தான் இருப்பன்.

பிரச்சினை இதுதான். பிள்ளையள் வந்து பையை நீட்டினால் டங்கன் ஒண்டும் குடார். பாடு எண்டுவார். இல்லாட்டி ஒரு கவிதை சொல்லு, ஒரு விடுகதை சொல்லு, ஆடு. ஏதாவது ஒண்டு செய்யோணும். செய்தால் ஒரு அப்பிளும் ஒரு பிடி கச்சான் கடலையும். செய்யாட்டிக் கதவு அடி. அதுக்கு முந்தின வருசம் அடிச்ச கதவில முட்டை விழுந்தது.

"இஞ்சத்தப் பிள்ளையள் பிச்சை எடுக்குதுகள்," எண்டார். "எங்கட ஊரில உழைச்சு வாங்கிறது. நாங்கள் முகத்தில கரி பூசி, தேப்பன்ர கோட்டை மறுபக்கம் போட்டுக்கொண்டு போவம். பாடாமல் ஒரு வீட்டிலயும் ஒரு கச்சான் கோதும் கிடையாது. வேசக்காரர் எண்டு எங்களுக்குப் பேரே இருந்தது."

"கதவைப் பூட்டச் சொல்லிக் கந்தோர் சொல்லுது," எண்டன்.

அவர் அதைக் காதில வாங்கேல்லை.

"அந்தச் சொல்லு ஆற்ற சொல்லு தெரியுமோ? ஹலோவீன்?"

"கனடாக்காரற்றை."

கிழவருக்கு முகம் சிவந்து போச்சுது. எனக்கு விசர். கீழ குப்பைத் தொட்டி நிரம்பிக் கிடக்கு, இவர் சொல்லுக்குக் காணி உறுதி காட்ட நிக்கிறார்.

"எங்கட சொல்லு," எண்டார். "ஸ்கொட்லாந்துச் சொல்லு. ஹலோ எண்டால் என்ன?"

"ஃபோனில சொல்லுறது."

நிரோஷா கையால வாயைப் பொத்தினாள். அவர் சிரிக்கேல்லை.

"அது வேற. இது பழைய சொல்லு. பரிசுத்தமான ஆள். செத்துப்போன பரிசுத்தமான ஆக்கள். அவை எல்லாருக்குமாய் நவம்பர் முதலாம் திகதி ஒரு திருநாள். அதுக்கு முதல்நாள் பின்னேரம்தான் இது. பின்னேரத்துக்கு அந்தக் காலத்தில ஈவின் எண்டு சொல்லுறது. எங்கட ஆக்கள் நடு எழுத்தை விழுங்கிப்போட்டு ஈன் எண்டிச்சினம். பரிசுத்தவான்களின்ர பின்னேரம். ஹலோ, ஈன். இங்கிலிசுக்காரன் கடைசியில எங்கட வாயால வந்ததைத்தான் எடுத்தவன். ஆனால் அதைச் சொல்லமாட்டான்."

விழுங்கின எழுத்துக்கு அடையாளமாய் மேல ஒரு சின்னக் கோடு போடோணுமாம். இப்ப ஒருத்தரும் போடுறதில்லையாம். கீழ வாசலில ஸ்டீவ் ஒட்டின அறிவித்தலில ஆரோ சிவப்புப் பேனையால கீறியிருந்ததுக்கு நான்தான் பேச்சு வாங்கினனான். கீறினது ஆரெண்டு இப்ப தெரிஞ்சுது.

"அப்ப பேய் எப்பிடி வந்தது?" எண்டு கேட்டன்.

"செத்தவை அண்டு பின்னேரம் திரும்பி வருவினம் எண்டு பழைய ஆக்கள் நம்பினவை. அவைக்கு எங்களை அடையாளம் தெரியக்கூடாது. அதுக்குத்தான் வேசம்."

நவம்பர் முதலாம் திகதி எங்கட கோயிலில சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள். புனிதர் எண்டு இப்ப சொல்லுறதைத்தான் அந்த நாளையில அர்ச்சிஷ்டவர் எண்டது. அடுத்தநாள் ஆத்துமாக்கள் திருநாள். சின்னனில இருந்து தெரிஞ்ச நாள். ரப்பர் கை முளைச்சதும் அதே நாளிலதான் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. கோயிலில பங்குச் சுவாமிகூடச் சொல்லேல்லை. கரி பூசின ஒரு கிழவர் சொல்லவேண்டி இருக்கு.

"கதவு?" எண்டன்.

"பூட்டமாட்டன். போய்ச் சொல்லு."

4

இதை நான் பிலோமினாவுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சோறு போடேக்கச் சொல்லிப்போட்டன். அவ அகப்பையோட அப்பிடியே நிண்டிட்டா.

"திருநாளுக்கு முதல்நாள் பின்னேரமோ?"

"ஓம். கிழவர் அப்பிடித்தான் சொல்லுறார்."

"அப்ப ரண்டு வருசமாய்ப் பிள்ளையை என்னத்துக்கு மறிச்சனியள்?"

அறைக்குள்ள இருந்து நிரோஷா, "தாங்க் யூ அம்மா" எண்டாள். அண்டிரவே சூனியக்காரித் தொப்பி வாங்கியாச்சு.

அதோட முடியேல்லை. அடுத்தநாள் நான் லிஃப்ற்றில குப்பையோட நிக்க லூர்து அன்ரி ஏறினா. மூக்கைப் பொத்தவும் இல்லை.

"தம்பி, கீழ பார்ட்டி வைக்கிற ஹோலின்ர திறப்பு உன்னட்டைத்தானே?"

"ஏன் அன்ரி?"

"இந்த வியாழக்கிழமைதானே அந்தப் பின்னேரம். செபக்கூட்டத்தை அங்க வைப்பம். ஆத்துமாக்களுக்கும் சேர்த்து மெழுகுதிரி கொழுத்துவம்."

"கொழுத்தேலாது. கந்தோர்ச் சட்டம்."

"மெழுகுதிரி இல்லாமல் ஆத்துமாக்களுக்கு என்னத்தைக் காட்டுறது? ரோச் லைற்றோ?"

"அன்ரி, எனக்கு வேலை போகும்."

"உனக்கு வேலை தரச்சொல்லி நேர்த்தி வைச்சது ஆர்?"

அவதான். அதை நான் மறுக்கேலாது.

வாசிக்கிற உங்களில சைவ ஆக்களுக்கு விளங்கச் சொல்லுறன். ஊரில ஆத்துமாக்கள் திருநாள் அண்டு நாங்கள் சேமக்காலைக்குப் போறது. பிரேதம் புதைக்கிற இடத்துக்கு எங்கட பேர் அது. கல்லறையைத் துப்புரவாக்கி, வெள்ளை அடிச்சு, பொழுதுபட மெழுகுதிரி கொழுத்துவம். எங்கட ஊர்த் தீவில இருந்து நாங்கள் தொண்ணூறில வெளிக்கிட்டது. பிறகு ஒருத்தரும் அந்தச் சேமக்காலைக்குப் போகேல்லை. ஆமிக்காரன் விடான்.

"இஞ்சையும் சேமக்காலை இருக்கு தம்பி," எண்டா லூர்து அன்ரி. "நல்ல வடிவான புல்லு. ஆனால் அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லையே."

லிஃப்ற் ஒன்பதில நிண்டுது. அவ இறங்காமல் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. லிஃப்ற் கத்தத் துவங்கிச்சுது.

"எட்டுப் பொம்பிளையள், எட்டு மெழுகுதிரி," எண்டன். "ஒன்பதாவது கொழுத்தினால் நான் வந்து நூர்ப்பன்."

"நீ நல்லா இருப்பாய்," எண்டா. திறப்பை வாங்கிக்கொண்டுதான் கதவை விட்டவ.

5

அண்டு பின்னேரம் அஞ்சு மணியில இருந்து நான் முன்வாசலில நிண்டன். பெரிய பெடியள் வந்தால் கோட்டுப் பொக்கற்றைப் பாப்பன். முட்டை இருந்தால் வாங்கி வைப்பன். ஒருத்தன் முட்டையைத் தந்திட்டு ரிசீற்று கேட்டான். ரொயிலற் பேப்பர் ரண்டு கட்டுப் பறிச்சன். என்ர வாழ்க்கையில இப்பிடி ஒரு காவல் காக்கவேண்டி வரும் எண்டு நினைக்கேல்லை.

நிரோஷா ஏழாம் மாடிக்குப் போட்டுக் கோபத்தோட இறங்கி வந்தாள்.

"பாட்டுப் பாடவேண்டி வந்தது அப்பா. ஐ சேங் ஓ கனடா. முழுக்க."

"என்ன தந்தவர்?"

"வன் அப்பிள்!"

"கச்சான்?"

"ரண்டாம் வரி பிழையாம். கச்சான் கட்."

டங்கனுக்குக் கதவில முட்டை விழேல்லை. பிள்ளையள் வரிசையில நிண்டு பாடுதுகளாம். முந்தின வருசம் முட்டை அடிச்சவன் இந்த முறை பாட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்தவனாம். எட்டு மணியாகுது. இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் முடிஞ்சுது. வேலை நிரந்தரம்.

அப்பதான் ஹோலை ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு போனன்.

கதவைத் திறந்தன். மேல லைற் எல்லாம் நிப்பாட்டி இருந்தது. ஆனால் அறை முழுக்க வெளிச்சம். மடக்கு மேசையில, கேக் சுடுற அலுமினியத் தட்டுகள் நிரைக்கு வைச்சு, தட்டுத் தட்டாய் மெழுகுதிரி. எட்டுப் பேரும் வெள்ளை முக்காடு போட்டு முழந்தாளில. பிரார்த்தனை நடக்குது. மேசைக்கு நேர மேல, புகை பட்டால் கத்திற மணி.



"பிலோமினா! என்ன வேலை பாக்கிறீர்? நூருங்கோ! எல்லாத்தையும் நூருங்கோ!"

நான் கத்தினதில எல்லாரும் பயந்து எழும்பி, எட்டுப் பேரும் ஒரேயடியா ஊதிச்சினம்.

எரிஞ்சமட்டும் புகை இல்லை. நூர்ந்த உடன திரி எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வெள்ளைப் புகை நேர மேல போச்சுது. நான் வாயைத் திறந்துகொண்டு பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு பதினாலு மாடியும் அலறிச்சுது.

கட்டிடம் முழுக்கக் கார் நிப்பாட்டுற இடத்தில வந்து நிண்டுது. குளிர். எலும்புக்கூடு, பிசாசு, கடற்கொள்ளைக்காரன், பூசணிக்காய். நடுவில வெள்ளை முக்காட்டோட, செபமாலையோட எட்டுப் பொம்பிளையள். ஒரு எலும்புக்கூடு லூர்து அன்ரியைச் சுத்திப் பாத்து, வேசம் நல்லாயிருக்கெண்டு இங்கிலிசில சொல்லிச்சுது.

"என்னவாம்?" எண்டா அன்ரி.

"உங்கட வேசம் நல்லதாம்," எண்டன்.

"வேசமோ? பொறு, உன்ர கொம்மா எந்த மாடி?"

டங்கன் ஏழு மாடியும் நடந்து இறங்கி வந்தார். ஒரு கையில அப்பிள் வாளி. நெருப்பணைக்கிறவை உள்ளுக்க தேடி முடிக்குமட்டும் அவர் வாகனத்துப் படியில இருந்து பிள்ளையளைப் பாடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நெருப்பணைக்கிறவனும் பாடி அப்பிள் வாங்கினவன். சந்தோசமாய் இருந்தது எல்லாருக்கும். நான்தான் காலமை ஸ்டீவுக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன்.

6

காலமை எட்டு மணிக்கு ஸ்டீவ் வந்தான். பேசுவான் எண்டு நிண்டன். பேசேல்லை. குசினி மேசையில ஒரு படிவத்தை வைச்சான். இந்த நாட்டில எது நடந்தாலும் ஒரு படிவம். செத்தாலும் முதல் அதுதான் வரும்.

"முட்டை இல்லை, பேப்பர் இல்லை, முறைப்பாடு இல்லை," எண்டான். "நல்லாய்த்தான் செய்திருக்கிறாய். இது ஒண்டுதான். ஹோலில ஆர் என்னத்துக்கு மெழுகுதிரி கொழுத்தினது?"

நான் பிலோமினாவைப் பாத்தன். அவ சுவரைப் பாத்தா.

"சரி, எனக்குச் சொல்லாதை," எண்டான். "ஹோலில பிறந்தநாள் வைக்கிறவை. கேக்கில மெழுகுதிரி வைக்கிறதைக் கந்தோர் கண்டும் காணாமல் விடுறது. பிறந்தநாள் எண்டு எழுது. ஒரு பிள்ளை, எட்டு வயசு, எட்டு மெழுகுதிரி. கையெழுத்துப் போடு. பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போய் உன்ர மற்றப் பேப்பரோட சேர்த்துக் குடுக்கிறன். வேலை உனக்குத்தான்."

நல்ல பெடியன். அவன்ர வயசில எனக்கு அவ்வளவு இரக்கம் இருந்திராது. கார் போனாப்பிறகு பிலோமினா படிவத்தை என்ர பக்கம் தள்ளினா.

"எழுதுங்கோ," எண்டா.

"பிறந்தநாள் எண்டோ?"

"என்னெண்டாவது எழுதுங்கோ. இந்த வீட்டை விட்டு நான் இனி ஒரு இடமும் போகமாட்டன்."

அவ சொன்னதில பிழை இல்லை. எத்தனை வீடு விட்டாச்சு.

ஹோலைத் துப்புரவாக்க வேணும். தட்டைச் சுரண்டுற தகடும் ஒரு குப்பைப் பையும் எடுத்துக்கொண்டு போனன். மெழுகு தட்டுக்கு வெளியாலயும் வழிஞ்சு மேசையில ஒட்டிக் கிடந்தது. கழராது. சுடுதண்ணி ஊத்திச் சுரண்டவேணும். குனிஞ்சு குனிஞ்சு நாரி முறிஞ்சுது. எட்டெண்டு சொன்னது நான். ஓமெண்ட மாதிரித் திறப்பை வாங்கினது லூர்து அன்ரி. ஒரு ஆளின்ர சொல்லும் இஞ்ச நிக்காது எண்டு பேசிப் பேசித்தான் சுரண்டினன். பிலோமினா வாளியோட வந்து மற்றப் பக்கத்தில துடங்கினா.

"எட்டெண்டுதானே கதை," எண்டன்.

"ஓம். எட்டுத்தான் கொண்டு வந்தம். பிறகு லூர்து அன்ரி, புருசனுக்குக் கொழுத்தினால் மூத்தவனுக்கு என்ன செய்யிறது எண்டா. பையில இன்னும் வைச்சிருந்தவ. எல்லாரும் வைச்சிருந்தவை."

"ஒரு திரியில எல்லாரையும் நினைக்கேலாதோ?"

"ஆர் ஆரை விடுறது?"

பிலோமினாவின்ர தட்டு என்ர கைக்குக் கிட்ட இருந்தது. ஒவ்வொரு மெழுகுக் கட்டையாய் நான் கிளப்ப அவ சொல்லிக்கொண்டு வந்தா. உது அப்பு. உது ஆச்சி. உது ஷெல் விழுந்த அண்டு போன சின்னக்கா. உது அவவின்ர கைக்குழந்தை, அதுக்குச் சின்னத் திரி. ஓரத்தில ஒண்டு தனிய நிண்டுது.

"உது?"

"உங்கட தம்பி."

தம்பி கடலில போனவன். வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. சேமக்காலையில அவனுக்கு ஒரு இடம் இல்லை. ஊரில இருக்கேக்கயும் அவனுக்கெண்டு கொழுத்த ஒரு கல் இருந்ததில்லை. இஞ்ச, பிறந்தநாள் கேக் வெட்டுற மேசையில, கேக் தட்டின்ர ஓரத்தில ஒண்டு கிடைச்சிருக்கு.

மற்றவையின்ர தட்டுகளுக்கு நான் ஆரெண்டு கேக்கேல்லை. சுரண்டினதைப் பையில போடாமல் மேசையில நிரைக்கு வைச்சன். ஏன் வைச்சனோ தெரியாது.

மூண்டரைக்கு நிரோஷா பள்ளிக்கூடத்தால வந்தாள். நான் பேனையோட குசினியில இருந்தன். பக்கத்தில வந்து படிவத்தை வாசிச்சாள்.

"ப்ரேயர் எண்டு எப்பிடி எழுதிறது?" எண்டு கேட்டன்.

"ஸ்டீவ் பேர்த்டே எண்டெல்லோ சொன்னவன்? அம்மா சொன்னவ."

"அவன் சொன்னவன்தான்."

"யூ வில் லூஸ் த ஜொப், அப்பா."

"ஓம்."

அவள் தாயைப் பாத்தாள். பிலோமினா அடுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டா. கறியைத் துழாவ மறந்து நிண்டா, கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது.

நிரோஷா ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னாள். நான் எழுதினன். கொழுத்தினது ஆர் எண்ட இடத்தில என்ர பேரை எழுதினன். திறப்புக் குடுத்தது நான்தானே. கடைசியாய் மெழுகுதிரி எத்தனை எண்டு ஒரு சின்னக் கட்டம்.

47.